நிலை அறிக்கையில் ஒரு விவரம் விட்டுப்போனால் ஒரு நாள் போகும்

சென்னையில் மாலை ஆறு மணி என்றால் சான் பிரான்சிஸ்கோவில் கோடையில் அதிகாலை ஐந்தரை, குளிர்காலத்தில் நாலரை. நாம் அன்றைய ஸ்டேட்டஸை, அதாவது வேலையின் நிலை அறிக்கையை, எழுதி அனுப்பி லேப்டாப்பை மூடிய பிறகுதான் அங்கிருப்பவர் அதைப் படிக்கிறார். அவருக்கு ஓர் ஐயம் எழுந்து கேட்டால், மறுநாள் காலை பத்து மணிக்கு நாம் பதில் எழுதுவோம். அப்போது அங்கே இரவாகியிருக்கும். விட்டுப்போன ஒரே ஒரு விவரத்துக்காக முழுதாக ஒரு நாள் போய்விடுகிறது. இப்படி இரு நாடுகளில் பிரிந்து வேலை செய்யும் டீம்களில் நான் மீண்டும் மீண்டும் கண்ட தவறுகளை இங்கே எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் வேரான தவறு, அறிக்கையை வருகைப் பதிவேடாக நினைப்பது. "காலையில் மீட்டிங், பிறகு பேமெண்ட் பக்கத்தில் வேலை, நாளையும் தொடரும்" என்று எழுதினால், எழுதியவர் சும்மா இருக்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது. படிப்பவர் தம் வேலையைத் தொடங்கலாமா என்பது தெரிவதில்லை. "கார்டு வழியாகப் பணம் செலுத்தும் பகுதி முடிந்து டெஸ்ட் சர்வரில் இருக்கிறது, சோதிக்கலாம், யுபிஐ ரீஃபண்டில் ஒரே தொகை இரண்டு முறை பதிவாகிறது, அது சரியாகும்வரை அந்தப் பகுதியைச் சோதிக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தால், டெஸ்டிங் செய்பவர் யாரையும் எழுப்பாமல் வேலையில் இறங்கியிருப்பார்.

அடுத்தது சதவீதக் கணக்கு. நான் இருந்த ஒரு டீமில் டேட்டா மைக்ரேஷன் வேலை (பழைய டேட்டாபேஸிலிருந்து புதியதற்குத் தகவல்களை மாற்றுவது) திங்கள் முதல் வியாழன் வரை "90 சதவீதம் முடிந்தது" என்றே நின்றது. வெள்ளிக்கிழமை உட்கார்ந்து பேசியபோதுதான் விஷயம் வெளிவந்தது: பழைய டேட்டாபேஸில் சில தேதிகளில் நாள் முதலிலும் வேறு சிலவற்றில் மாதம் முதலிலும் இருந்தன, எது சரி என்று கிளையண்டிடம் கேட்கத் தயங்கி, அந்த வேலையைச் செய்த தம்பி நான்கு நாட்களாகத் தாமே ஊகித்துத் திருத்திக்கொண்டிருந்தார். "12 டேபிள்களில் 9 முடிந்தன, மீதி மூன்றில் தேதி குழப்பம்" என்று அவர் திங்களன்றே எழுதியிருந்தால், செவ்வாய்க்குள் பதில் வந்திருக்கும். அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தடையை எழுதியவரிடம் "ஏன் இன்னும் முடியவில்லை" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்கும் வழக்கம் அந்த டீமில் இருந்தது. அப்படிக் கேட்கும் இடத்தில் எல்லா அறிக்கைகளும் 'சிக்கல் எதுவும் இல்லை' என்று பச்சையாகவே இருக்கும்.

"பதிலுக்குக் காத்திருக்கிறேன்" என்று மொட்டையாக எழுதுவதும் இதே வகைதான். யாரிடமிருந்து, எதற்காக, எப்போதுக்குள் என்ற மூன்றும் இல்லையென்றால் அது யாருடைய வேலையும் ஆகாது. "நாளை காலைக்குள்" என்பதற்குப் பதிலாகத் தேதியையும் எந்த ஊர் நேரம் என்பதையும் குறிப்பிடுங்கள். இந்தியாவில் கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் வழக்கம் இல்லை. அமெரிக்காவில் மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறும் ஜெர்மனியில் கடைசி ஞாயிறும் மாறுகிறது என்பதால், இடையிலுள்ள வாரங்களில் பழக்கமான கணக்கும் பிசகிவிடும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை எழுதுவது என்பதிலும் பிறரை அப்படியே பின்பற்றக் கூடாது. நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன என்ற மூன்று கேள்விகளை, டீம்கள் சிறு கட்டங்களாக வேலை செய்யும் ஸ்க்ரம் முறையின் வழிகாட்டியே 2020 பதிப்பில் எடுத்துவிட்டது. இன்றும் பல டீம்களில் அவை தினமும் சடங்காக நிரப்பப்படுகின்றன. ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களை உருவாக்கும் அப்பாச்சி அறக்கட்டளையில் புதிய திட்டங்கள் முதல் மூன்று மாதங்கள் மாதந்தோறும், பிறகு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இயக்குநர் குழுவுக்கு அறிக்கை தருகின்றன. தொடக்கத்தில் நெருக்கமாகவும், வேலை பிடிபட்டபின் இடைவெளி விட்டும் எழுதும் இந்த முறை சிறிய டீமுக்கும் பொருந்தும்.

கடைசியாக, டீம் லீடுகள் செய்யும் தவறு ஒன்று. தடை என்று ஒருவர் எழுதியதைப் படித்துவிட்டு, அவரைப் போனில் அழைத்துத் தீர்த்துவைத்ததோடு விட்டுவிடுகிறார்கள். அங்கே தூங்கிக்கொண்டிருக்கும் மற்றவருக்கு, அறிக்கையில் அந்தத் தடை அப்படியே நிற்கிறது. போனை வைத்ததும் அதே வரிக்குக் கீழே, என்ன முடிவாயிற்று, யார் செய்யப்போகிறார் என்று இரண்டு வரி எழுதிவிட்டால், அவர் காலையில் எழுந்து நேராக வேலையைத் தொடங்குவார்.