மலையகத்திலிருந்து கண்டல் நடப் போகிறவர்களுக்கு

போயா லீவுக்கு வான் பிடித்து மட்டக்களப்பு வாவிப் பக்கம் கண்டல் (உவர்நீர்க் கரைச் சேற்றில் வளரும் மரம்) நடப் போகலாம் என்று யோசிக்கிற தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முதலில் ஒன்று: நடுவது லேசு, தப்ப வைப்பதுதான் கஷ்டம். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் 1000 ஹெக்டேயருக்கு மேல் கண்டல் நட்டார்கள், 2017இல் வெளியான ஓர் ஆய்வு கணக்குப் பார்த்தபோது அதில் சுமார் 220 ஹெக்டேயர்தான் நின்றிருந்தது. பார்வையிட்ட 23 இடங்களில் 9இல் ஒரு கன்றுகூட மிச்சமில்லை. தப்பான இடத்தில் நட்டதும், நட்டபின் யாரும் எட்டிப் பார்க்காததும் பெரிய காரணங்கள்.

ஆகவே திகதி குறிப்பதற்கு முன்பே அந்த ஊர் மீனவர் சங்கத்தைப் பிடியுங்கள், ஜீ.எஸ்.ஸிடம் (கிராம சேவகரிடம்) பேசுங்கள், வனப் பாதுகாப்புத் திணைக்களத்தில் அனுமதி எடுங்கள். விதை பொறுக்குவதற்கும் சேர்த்துத்தான். அவர்களிடம் காடு அங்கே ஏன் அழிந்தது என்று கேளுங்கள். ரோட்டோ அணையோ போட்டுத் தண்ணீர் வரத்தை மறித்திருந்தால் கன்று நட்டுப் பிரயோசனமில்லை, மறிப்பை எடுத்து வாய்க்காலைத் திறந்துவிட்டால் பக்கத்துக் காட்டு விதைகள் மிதந்து வந்து தாமாகவே முளைக்கும். தோட்டத்தில் கான் (வடிகால்) வெட்டிப் பழகிய நம்மாட்களுக்கு அது தெரிந்த வேலைதான். வெட்டி அழித்த இடம், விதை வந்து சேராத இடம் என்றால் சரி, நடலாம்.

இடம் பார்க்கும்போது தண்ணீர் மட்டம்தான் எல்லாம். இலங்கைக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் ஒரு மீற்றர்கூட வராது, அதனால் அரை அடி தாழ்வாக நட்டாலே கன்று எந்நேரமும் மூழ்கிக் கிடந்து அழுகிவிடும். வெயில் காலத்தில் போனால் வற்றிய சேறு நல்ல இடம்போலத் தெரியும், மாரி மழைக்கு வாவி பெருகியதும் அதே இடம் ஆளை மூடும். அங்கே தானாக முளைத்த குட்டிக் கண்டல்கள் எந்த மட்டத்தில் நிற்கின்றன என்று பார்த்து அதே மட்டத்தில் நடுங்கள். சேற்றுத் திடல் வெறுமையாகக் கிடக்கிறதே என்று அதில் நடுவதுதான் எல்லோரும் செய்கிற வேலை, படம் எடுக்க மட்டும் நன்றாக இருக்கும்.

கண்டல் காய் முருங்கைக்காய்போல நீண்டு தொங்கும். நன்றாக முற்றியதாக, பூச்சித் துளை இல்லாததாக எடுத்து, ஈரச் சாக்கில் நிழலில் வையுங்கள். கூர் நுனி கீழே இருக்க, நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் சேற்றில் போனால் போதும். கன்றுக்குக் கன்று ஒரு மீற்றர் விடுங்கள். வெண்கண்டல் விதை சின்னது, அலை அடித்துக்கொண்டு போய்விடும், அதைப் பையில் வளர்த்துத்தான் நட வேண்டும். தேயிலைத் தவறணையில் (நாற்றுமேடையில்) பை நிரப்பி, நிழல் கட்டி, கன்று பார்த்த அம்மாமார் உங்கள் லயத்திலேயே இருப்பார்கள், அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், யூனிவர்சிட்டிப் பிள்ளைகளைவிட அவர்கள் கை வேகம். நட்ட பிறகு பொலித்தீன் பைகளை எண்ணித் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

அட்டை இல்லை என்று சந்தோஷப்படலாம், ஆனால் நுளம்பு பிய்த்துவிடும். செருப்பு சேற்றோடு போய்விடும், வெறுங்காலை சிப்பி வெட்டும், இறுகக் கட்டிய பழைய சப்பாத்துதான் சரி. குளிருக்குப் பழகிய உடம்பு அந்த வெயிலில் சீக்கிரம் சோர்ந்துவிடும் என்பதால் அதிகாலையிலேயே இறங்கி பத்து மணிக்குள் ஏறிவிடுங்கள், தண்ணீரும் ஜீவனியும் (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் தூள்) கையில் இருக்கட்டும். தில்லை மரத்தைத் தெரிந்தவர் காட்டித் தரட்டும், அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கிளை ஒடிக்காதீர்கள். வாவியில் முதலையும் உண்டு, ஊர்க்காரர் இறங்காதே என்ற இடத்தில் இறங்க வேண்டாம்.

அப்புறம் பராமரிப்பு. முதல் வருடம் மாதம் ஒருமுறையாவது யாராவது போய்ப் பாசியையும் சிக்கிய பிளாஸ்டிக்கையும் எடுக்க வேண்டும், மாடு ஆடு வருகிறதா என்று பார்க்க வேண்டும். பதுளையிலிருந்து பிபிலை, செங்கலடி வழியாக மாதாமாதம் போய்வர உங்களால் முடியாது. அதனால் வானுக்கும் டீசேர்ட்டுக்கும் சேர்த்த காசில் ஒரு பங்கை ஒதுக்கி, அந்த ஊரில் இரண்டு பேருக்கு இந்த வேலைக்குச் சம்பளம் கொடுங்கள். ஆயிரம் கன்று நட்டுவிட்டு வருவதைவிட இருநூறை நட்டு, வரிசைக்கு ஒரு கம்பு ஊன்றி, உயிரோடு நிற்பதை மாதாமாதம் எண்ணி வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் செத்தால் அதே இடத்தில் திரும்ப நடாமல், மட்டத்தை மறுபடி பாருங்கள்.