திடீரெண்டு ஆக்கள் வந்தா 20 நிமிசத்தில மொறுமொறு பாண் டோஸ்ட் (புதுசாச் சமைக்கிற ஆக்களுக்கு)

"நாங்கள் உங்கட ஒழுங்கை முடக்கிலதான் நிக்கிறம், ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போறம்" எண்டு கோல் வந்தா உங்களிட்ட இருக்கிறது லிஃப்ட் மேல வாற நேரமும் அவை வந்திருந்து சுகம் விசாரிக்கிற நேரமும் மட்டும்தான். கொழும்பில இது புதினமில்ல. கலியாணக் காட் குடுக்க வாற ஆக்கள், வெளிநாட்டில இருந்து லீவில வந்து வெள்ளவத்தையில வீடு வீடாப் போற சொந்தக்காரர், ஆடிவேல் பாக்க வந்து காலி வீதியில நிண்டு களைச்ச ஆக்கள், எல்லாரும் சொல்லிப்போட்டே வருவினம்? பிஸ்கட் பக்கெற்றை உடைச்சுக் கோப்பையில அடுக்கி வைக்கலாம்தான், ஆனா வீட்டில பாண் இருந்தா அதைவிட நூறு மடங்கு நல்லதை அதே நேரத்தில குடுக்கலாம், வடிவாவும் இருக்கும்.

வெளிநாட்டுச் சாமான் ஒண்டும் தேவையில்ல. இத்தாலிக்காரர் புருஸ்கெற்றா எண்டு செய்யிறதும் அடிப்படையில வாட்டின பாணில உள்ளி தேய்ச்சு எண்ணெய் விட்டுத் தக்காளி வைக்கிறதுதான், அந்த மூண்டும் எங்கட குசினியில எப்பவும் இருக்கு. நான் திருப்பித் திருப்பிச் சொல்லப்போறது ஒரே விசயம்: டோஸ்ட் மொறுமொறெண்டு இருக்கோணும், கடைசி வாய் வரைக்கும். மேல என்ன வைச்சாலும் அடியில பாண் ஊறிப்போச்செண்டா முடிஞ்சுது. அதால ஈரம் எங்கயிருந்து வருது, அதை எங்க நிப்பாட்டுறது எண்டு பாத்துப் பாத்துச் செய்தா முதல் தரமே சரிவரும்.

பாண்

பேக்கரியில இருந்து சுடச்சுட வந்த பாண் இதுக்குச் சரிவராது. கத்தி வைச்ச உடன அமுங்கி ஒட்டும், துண்டு ஒரு பக்கம் மொத்தமாவும் மற்றப் பக்கம் மெல்லிசாவும் வரும். காலமை வாங்கினதைப் பின்னேரம் வெட்டுங்கோ, நேத்தையான் பாணெண்டா இன்னும் நல்லம். ரோஸ் பாண் எண்டா வெளித்தோல் நல்லா முறுகி இருக்கும், நீட்டுத் துண்டா வரும், எனக்கு அதுதான் விருப்பம். சாண்ட்விச் பாணும் பரவாயில்ல, புதுசாச் செய்யிற ஆக்களுக்கு அது லேசு, ஏனெண்டா எல்லாத் துண்டும் ஒரே அளவில வெட்டியே வரும். சுப்பர்மார்க்கெட்டில நீட்டு பகெட் கிடைச்சா சரிச்சு வெட்டுங்கோ. பின்னேரம் மியூசிக் போட்டுக்கொண்டு வாற சூன் பாண் ஆட்டோவில வாங்கினாலும் சரிதான், ஆனா இனிப்புப் பனிஸ் வாங்கிப்போடாதேங்கோ, சீனி கெதியாக் கருகும்.

துண்டு ஒரு சென்றிமீற்றர் மொத்தம் இருந்தாக் காணும். அதைவிட மெல்லிசா இருந்தா கையில எடுக்கேக்க உடையும், மொத்தமா இருந்தா நடுவில ஈரம் நிக்கும். ஆளுக்கு மூண்டு நாலு துண்டு எண்டு கணக்கு வையுங்கோ. சாண்ட்விச் பாணெண்டா ஒரு துண்டைக் குறுக்க வெட்டி நாலு முக்கோணம் எடுக்கலாம், அப்ப அஞ்சு பேருக்கு அஞ்சு துண்டு காணும். ஓரத்தை வெட்டினா வடிவாத் தெரியும், வெட்டின ஓரத்தை எறியாதேங்கோ, அதைப்பற்றிக் கடைசியில சொல்லுறன்.

பாணை பிரிட்ஜில வைக்கிற பழக்கம் கனபேரிட்ட இருக்கு. அப்பிடி வைச்சா வெளியில வைக்கிறதை விடக் கெதியா இறுகும், மாவில இருக்கிற ஸ்டாச் அந்தக் குளிரில திரும்ப இறுகிறதால. ஃபிரீசரில வையுங்கோ, துண்டு துண்டா வெட்டிப் பையில இறுக்கிக் கட்டி. ஆக்கள் வந்தா உருக விடத் தேவையில்ல, அப்பிடியே எடுத்துக் கல்லில போடலாம். ஃபிரீசரில எப்பவும் பத்துத் துண்டு இருந்தா ஆர் வந்தாலும் பயப்பிடத் தேவையில்ல.

வாட்டுறது

இதுதான் முக்கியமான வேலை, இதில அவசரப்படாதேங்கோ. தோசைக்கல்லை நடுத்தர நெருப்பில சூடாக்கி, பிறகு நெருப்பைக் குறைச்சு, பாண் துண்டை எண்ணெய் ஒண்டும் இல்லாமல் போடுங்கோ. நெருப்பு கூடினா வெளிப்பக்கம் கறுத்திடும், உள்ளுக்க ஈரம் அப்பிடியே இருக்கும், கோப்பையில வைச்சு கொஞ்சத்தில அந்த ஈரம் வெளிய வந்து எல்லாத்தையும் மெத்தெண்டு ஆக்கிப்போடும். குறைஞ்ச நெருப்பில ஒரு பக்கத்துக்கு மூண்டு நிமிசம் மட்டில விடுங்கோ. கரண்டியின்ர பின்பக்கத்தால தட்டிப் பாருங்கோ, டக் டக் எண்டு சத்தம் வந்தாச் சரி, சத்தம் வராமல் உள்ளுக்க போச்செண்டா இன்னும் ஒரு நிமிசம்.

ஓவன் இருந்தா 180 பாகையில எட்டில இருந்து பத்து நிமிசம், நடுவில ஒருக்காத் திருப்பி விட்டாக் காணும், கனபேர் வந்தா அதுதான் சுகம். டோஸ்டரும் பாவிக்கலாம், ஆனா ஒரு தரத்துக்கு ரெண்டு துண்டுதான் போகும், கடைசித் துண்டு வெளிய வரேக்க முதல் துண்டு ஆறிப்போயிருக்கும்.

எடுத்த உடன கோப்பையில படுக்க வைக்காதேங்கோ. சூட்டில வாற ஆவி போறதுக்கு இடமில்லாமல் அடிப்பக்கம் வேர்த்து ஈரமாகும். கம்பித் தட்டு இருந்தா அதில வையுங்கோ, இல்லாட்டி ரெண்டு ரெண்டாச் சாய்ச்சு கூடாரம் மாதிரி நிப்பாட்டி விடுங்கோ, ரெண்டு நிமிசத்தில ஆவி போயிடும். கொழும்புக் காத்தில எப்பவும் ஈரம் இருக்கிறதால முதலே செய்து வைக்கிறதெண்டா நல்லா ஆறவிட்டு மூடி இறுக்கமான டின்னில போட்டு வையுங்கோ, திறந்து வைச்சா மழை நாளில ஒரு மணித்தியாலம் கூடத் தாங்காது.

இப்ப உள்ளி. ஒரு பல்லை ரெண்டா வெட்டி, வெட்டின பக்கத்தால சூடு ஆறமுன்னம் டோஸ்டின்ர மேல தேய்ச்சுப் பாருங்கோ. முறுகின பாண் சொரசொரெண்டு இருக்கிறதால உள்ளி அதிலயே துருவுப்பட்டு உருகிப் போறது கண்ணுக்குத் தெரியும், ஒரு பல்லு நாலஞ்சு துண்டுக்குள்ள கரைஞ்சிடும், வாசம் ஹோல் வரைக்கும் போகும். ரெண்டு தேய்ப்புக் காணும், கூடினாப் பச்சை உள்ளிக் காரம் நாக்கைப் பிடிக்கும்.

அதுக்கு மேல மெல்லிசா பட்டர் இல்லாட்டி மாஜரின், ஓரம் வரைக்கும். இது ருசிக்கு மட்டுமில்ல. கொழுப்பு தண்ணியைப் பாணுக்குள்ள இறங்க விடாது, அதால மேல வைக்கிற தக்காளியோ மீனோ டோஸ்டை ஊறப்பண்ண நேரம் எடுக்கும். ஓரத்தில பூசாமல் விட்டா அங்கயிருந்துதான் முதல் ஊறத் தொடங்கும்.

மேல என்ன வைக்கலாம்

வைக்க முதல் வந்த ஆக்களை யோசியுங்கோ. வெள்ளிக்கிழமையோ, கந்தசஷ்டியோ, புரட்டாசிச் சனியோ எண்டா அவை மச்சம் தொடமாட்டினம், முட்டையும் மச்சம்தான். கடையில போத்தலில விக்கிற சீனிச் சம்பலில பெரும்பாலும் மாசிக் கருவாடு இருக்கும், லேபலை வாசிக்காமல் சைவக்காரருக்குக் குடுத்துப்போடாதேங்கோ. பலகையும் கத்தியும் வேற வேறயா வைச்சுச் சைவத்தை முதல் செய்து முடியுங்கோ, ரெண்டு கோப்பையில தனித்தனியாக் கொண்டுபோங்கோ, "இது சைவம்" எண்டு சொல்லிக் குடுத்தா அவை நிம்மதியா எடுப்பினம்.

தக்காளி எல்லாருக்கும் பொதுவானது, அதை முதல் பழகுங்கோ. பழுத்து ஆனா இறுக்கமா இருக்கிற மூண்டு தக்காளியை எடுத்து நாலாப் பிளந்து விதையையும் தண்ணியையும் விரலால வழிச்சு எடுத்திடுங்கோ. சதையை மட்டும் பொடிப்பொடியா வெட்டி அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டுக் கலந்து, வடியில போட்டு ஒரு கிண்ணத்துக்கு மேல வையுங்கோ. உப்பு தக்காளிக்குள்ள இருக்கிற தண்ணியை வெளிய இழுக்கும், பத்து நிமிசத்தில கிண்ணத்தில ரெண்டு மூண்டு மேசைக்கரண்டி தண்ணி நிக்கிறதைப் பாப்பியள். அந்தத் தண்ணி முழுக்க உங்கட டோஸ்டுக்குள்ள போயிருக்கும் எண்டு நினைச்சுப் பாருங்கோ, அப்ப விளங்கும் இந்தப் பத்து நிமிசம் ஏன் எண்டு. (தண்ணியை ஊத்தாதேங்கோ, ரசத்துக்கோ சொதிக்கோ விடலாம்.) வடிஞ்ச தக்காளியில ரெண்டு சின்ன வெங்காயம், பாதிப் பச்சைமிளகாய், கொஞ்சம் கொத்தமல்லி இலை, எல்லாம் பொடியா வெட்டிப் போட்டு மிளகுத்தூளும் சில துளி தேசிக்காய்ப் புளியும் விடுங்கோ. ஒலிவ் எண்ணெய் இருந்தா ஒரு கரண்டி. இல்லாட்டி ஒரு கரண்டி தேங்காயெண்ணெயைச் சூடாக்கி கறிவேப்பிலையைப் பொரிய விட்டு அதை ஊத்துங்கோ, எனக்கு இதுதான் ஒலிவ் எண்ணெயை விட விருப்பம், ஆக்களும் இதைத்தான் "என்ன போட்டனீங்கள்" எண்டு கேப்பினம்.

மச்சம் எண்டா மீன் டின். 425 கிராம் டின்னில பாதி காணும். தண்ணியை வடிச்சு நடு முள்ளை எடுத்திட்டு உதிர்த்து விடுங்கோ. தாச்சியில கொஞ்ச எண்ணெய் விட்டு வெங்காயம், கறிவேப்பிலை, நாலு செத்தல் மிளகாய்த் துண்டு வதக்கி மீனைப் போட்டு மிளகுத்தூளோட கிளறுங்கோ, தாச்சியின்ர அடியில ஈரம் இல்லாமல் மீன் உதிரி உதிரியா வரும் வரைக்கும். அடுப்பை நிப்பாட்டின பிறகுதான் தேசிக்காய், சூட்டில விட்டாக் கைக்கும். கடைசியில ஒரு தேக்கரண்டி பட்டர் போட்டுக் கிளறினா உதிராமல் டோஸ்டில நிக்கும். மிச்ச மீனை டின்னோட பிரிட்ஜில வைக்காமல் மூடியுள்ள பெட்டிக்கு மாத்துங்கோ.

சீஸும் சீனிச் சம்பலும் சின்னப் பிள்ளையளுக்கு நல்லாப் பிடிக்கும். உள்ளி தேய்க்காத டோஸ்டில ஒரு தேக்கரண்டி சம்பலை மெல்லிசாப் பரவி மேல சீஸ் துண்டு வைச்சு, கல்லில குறைஞ்ச நெருப்பில மூடி உருக விடுங்கோ, ஒரு நிமிசம் ரெண்டு நிமிசம் போதும். மூடியில பிடிக்கிற ஆவி தண்ணியாச் சொட்டும், அதால மூடியின்ர உட்பக்கத்தை ஒரு துணியால சுத்தி நுனியை மேல கட்டிவிடுங்கோ, நெருப்புப் பக்கம் தொங்கக்கூடாது.

இனிப்பா ஒண்டு வேணுமெண்டா வெறும் பட்டர் டோஸ்டில கதலிப்பழத்தை வட்டமா வெட்டி அடுக்கி, கித்துள் பாணி கொஞ்சம் ஊத்தி, வறுத்த எள்ளுத் தூவுங்கோ. பழத்தைக் கடைசி நிமிசத்தில வெட்டுங்கோ, கறுத்துப்போகும். சட்டியில வாற எருமைத் தயிர் வீட்டில இருந்தா மேல கட்டியா இருக்கிறதை மட்டும் அள்ளி பழத்துக்கு அடியில பூசினா இன்னும் நல்லம்.

எந்த நேரத்தில எதைச் செய்யிறது

கோல் வந்த உடன தக்காளியை உப்புப் போட்டு வடிய வையுங்கோ, அது தன்ர பாட்டில நடக்கும். பிறகு கல்லை வைச்சுப் பாணை வாட்டுங்கோ, ஒரு பக்கம் வேகேக்க வெங்காயம் வெட்டலாம். ஆக்கள் வந்திருந்து கதைக்கத் தொடங்க டோஸ்ட் சாய்ஞ்சு நிண்டு ஆறிக்கொண்டிருக்கும். தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில வைச்ச பிறகுதான் பட்டர் பூசத் தொடங்குங்கோ, தண்ணி கொதிக்கேக்க மேல வைக்கிறதை வைச்சு முடிச்சிடலாம். முதலே வைச்சு மூடி வைக்கிறதெண்ட எண்ணமே வேண்டாம்.

எல்லாத்தையும் ஒரே தரத்தில கொண்டுபோகாதேங்கோ. பாதியை முதல் குடுத்து, வெறும் டோஸ்டா மிச்சப் பாதியைக் குசினியில வைச்சுக்கொண்டு, கோப்பை வெறுமையாகேக்க திரும்பச் செய்துகொண்டு போங்கோ, ரெண்டாம் தரமும் அதே மொறுமொறுப்பு இருக்கும்.

வடிவு எண்டு பாத்தா, நான் நினைக்கிறன் குறைச்சு வைக்கிறதுதான் வடிவு. ஒரு துண்டுக்கு ஒரு குவிஞ்ச தேக்கரண்டி, அதுக்கு மேல வைச்சா கடிக்கேக்க மடியில விழும், சீலையோட வந்த மாமிக்கு அது பெரிய கரைச்சல். வெள்ளைக் கோப்பையில ஒண்டோட ஒண்டு முட்டாமல் வரிசையா வையுங்கோ, மேல ஒரேயொரு மல்லி இலையோ பொரிச்ச கறிவேப்பிலையோ போதும், பக்கத்தில டிஷ்யூ வைக்க மறக்காதேங்கோ.

வெட்டின ஓரங்களை அதே கல்லில குறைஞ்ச நெருப்பில நல்லாக் காய வைச்சு, ஆறினாப் பிறகு கிரைண்டரில அடிச்சு போத்தலில போட்டு வையுங்கோ. அடுத்த முறை கட்லட்டோ ரோல்ஸோ செய்யேக்க பாண் தூள் கடையில வாங்கத் தேவையில்ல.