டிஃபெக்ட் வைக்கும் முன் இயற்கணிதத்தைப் பாருங்கள்

சூப்பர்சிமெட்ரி (போசான்களையும் ஃபெர்மியான்களையும் இணைக்கும் சமச்சீர்மை; அதை நடத்தும் ஆபரேட்டர்களே சூப்பர்சார்ஜ்கள்) உள்ள புலக்கோட்பாடுகளில் கோடு, பரப்பு, சுவர் என்று டிஃபெக்ட்களை, அதாவது கோட்பாட்டுக்குள் செருகும் பொருள்களை, படிக்க வருகிறவர்கள் அதே சில இடங்களில்தான் திரும்பத் திரும்ப வழுக்குகிறார்கள். குறி மாறுவது, 2 என்ற காரணி விட்டுப்போவது எல்லாம் தானே தெரியவரும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பாதி சூப்பர்சார்ஜ் எப்படியும் மிஞ்சும் என்று நம்புவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். ஒரு மாணவர் நான்கு பரிமாண என்=1 கோட்பாட்டில் (சூப்பர்சார்ஜ்களின் ஒரே தொகுதி, மொத்தம் நான்கு) காலத்திசையில் ஒரு கோட்டை வைத்தார். சுழற்சி மிஞ்சுகிறது, காலத்திசை நகர்வும் மிஞ்சுகிறது. ஆகவே நான்கில் இரண்டு சூப்பர்சார்ஜ் மிஞ்சும் என்று எழுதிவிட்டு, அதன்மேல் வார்டு முற்றொருமைகளை (சமச்சீர்மை விதிக்கும் சமன்பாடுகளை) கட்டிக்கொண்டே போனார். மாதக்கணக்கான உழைப்பு. முதல் பக்கத்திலேயே ஒரு ஆன்டிகம்யூட்டேட்டரை (AB+BA) போட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

கணக்கு சின்னதுதான். சூப்பர்சார்ஜ்களின் ஆன்டிகம்யூட்டேட்டர் ஆற்றலையும் உந்தத்தையும் தரும்; மிஞ்சிய சூப்பர்சார்ஜ்கள் மிஞ்சிய சமச்சீர்மையை மட்டுமே தரவேண்டும். சுழற்சி மிஞ்ச வேண்டுமானால் மிஞ்சும் இரண்டும் ஸ்பின் 1/2 இரட்டையாக இருக்கவேண்டும். இடக்கை சூப்பர்சார்ஜோடு வலக்கையைக் கலந்துதான் அதைக் கட்டமுடியும். ஆன்டிகம்யூட்டேட்டர் இரு ஸ்பினர் குறியீடுகளிலும் சமச்சீரானது. ஆற்றலோடு ஒட்டிவரும் எப்சிலான் அணியோ எதிர்ச்சமச்சீரானது, அதனால் ஆற்றல் அடிபட்டுப்போகிறது. எஞ்சுவது குறுக்கு உந்தம், அதாவது கோடு ஏற்கெனவே உடைத்துவிட்ட சமச்சீர்மை. சுழற்சியைக் கைவிட்டாலும் மீட்சி இல்லை: என்=1 இல் எந்த ஹெர்மிஷியன் சூப்பர்சார்ஜின் வர்க்கமும் ஒளித்திசை உந்தம்தான், வெறும் ஆற்றல் ஆகாது.

சூப்பர்சார்ஜ்கள் இரண்டு தொகுதியாக உள்ள என்=2 இல், அத்தொகுதிகளைத் தமக்குள் கலக்கும் ஆர்-சமச்சீர்மையின் எஸ்யூ(2) இன்னொரு எப்சிலானைத் தருகிறது. இரண்டும் சேர்ந்தால் சமச்சீர். ஆற்றல் தங்குகிறது, குறுக்கு உந்தம் விழுகிறது. அரை-பிபிஎஸ் கோடுகள் (பாதி சூப்பர்சார்ஜைக் காப்பவை) அங்கே கிடைப்பது இதனால்தான். என்=1 இலும் பரப்புக்கும் சுவருக்கும் இந்தத் தடை இல்லை; இரண்டிலும் பாதி மிஞ்சலாம்.

உடைந்த சமச்சீர்மையைத் தூக்கிப்போடுவது

உடைந்த சமச்சீர்மை கோட்டின்மேல் ஆபரேட்டர்களை விட்டுச்செல்கிறது, அதைத் தூக்கிப்போடக் கூடாது. என்=4 இல் அரை-பிபிஎஸ் வில்சன் கோடு (கனமான மின்னூட்டத் துகள் ஒன்றின் பாதை போன்றது), ஆறு ஸ்கேலர் புலங்களைச் சுழற்றும் எஸ்ஓ(6)ஐ எஸ்ஓ(5) ஆக உடைக்கிறது. அந்த உடைப்பிலிருந்து அளவீட்டுப் பரிமாணம் 1 உள்ள ஐந்து ஸ்கேலர்கள் வருகின்றன. குறுக்கு நகர்வின் உடைப்பிலிருந்து பரிமாணம் 2 உள்ள மூன்று இடப்பெயர்ச்சி ஆபரேட்டர்கள். நடுவில், உடைந்த சூப்பர்சார்ஜ்களிலிருந்து, 3/2 உள்ள எட்டு ஃபெர்மியான்கள். பிணைப்பு எவ்வளவு வலுத்தாலும் இந்த எண்கள் அசையா.

ஸ்கேலரை மறப்பது

என்=4 இன் அரை-பிபிஎஸ் கோட்டில் கேஜ் புலத்தோடு ஒரு ஸ்கேலரும் சேர்ந்திருக்கும். ஸ்கேலர் சேராத வில்சன் கோடு எஸ்ஓ(6) முழுவதையும் காக்கும், ஒரு சூப்பர்சார்ஜைக்கூடக் காக்காது.

நேர்கோடும் வட்டமும் ஒன்றே என்பது

இல்லை. என்=4 இன் அரை-பிபிஎஸ் வில்சன் நேர்கோட்டின் எதிர்பார்ப்பு மதிப்பு 1. வட்டத்தின் மதிப்பு காசியன் மேட்ரிக்ஸ் மாடலிலிருந்து (அணிகளின் மேல் செய்யும் ஒரு காசியன் தொகையீட்டிலிருந்து) வரும். 2007 இல் வாசிலி பெஸ்டுன் என்ற இயற்பியலாளர் நிறுவியது.