காகிதக் கொக்கு காதணி: மடிப்பது சுலபம், நனையாமல் காப்பதுதான் பெரும்பாடு

கொக்கு மடிக்கத் தெரியாதவர்கள் இதை அப்படியே வைத்துவிட்டு, ஒரு முப்பது கொக்கு மடித்துப் பழகிவிட்டு வாருங்கள். மடிப்பு முறையை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அம்புக்குறியும் புள்ளிக்கோடும் போட்ட படங்கள் எங்கும் கிடைக்கின்றன (அந்தக் குறியீட்டு முறைக்கு அடிப்படை போட்டவர் ஜப்பானியக் காகித மடிப்புக் கலைஞர் அகிரா யோஷிசாவா). நான் எழுதுவது அதற்கு அடுத்த கதை. மடித்த கொக்கு ஒருவர் காதில் தொங்கி, மழையில் நனைந்தும் கொக்காகவே இருக்க வேண்டும். அதை விற்று நமக்கும் நாலு காசு மிஞ்ச வேண்டும்.

தாள்

4 செ.மீ. சதுரத்தில் தொடங்குங்கள். நான் 2.5-இல் தொடங்கினேன், வேண்டாத வீம்பு. அந்த அளவில் அலகை மடிப்பதற்குள் கண் பூத்துவிடும்.

என் ஓட்டு சியோகாமிக்கு, அதாவது பூவேலை அச்சிட்ட வாஷி என்ற ஜப்பானியத் தாளுக்கு. வாஷியில் பெரும்பாலும் கோசோ என்ற செடியின் பட்டை நார் இருக்கும். நார் நீளமானது, அதனால் திரும்பத் திரும்ப மடித்தாலும் கிழியாது. கொஞ்சம் தடிமன் என்பதால் மிகச் சின்ன அளவில் கழுத்து புடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான் குறை. ஒரு பக்கம் மட்டும் நிறமுள்ள சாதாரண ஓரிகாமித் தாள் பழகுவதற்கு நல்லது. ஆனால் மடிப்பு முனையில் நிறம் உரிந்து வெள்ளைக் கோடு தெரியும். விற்பனைக்கு வேண்டாம்.

கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். இரும்பு ஸ்கேலும் கூரான கட்டர் பிளேடும் போதும். அரை மி.மீ. பிசகினாலும் இறக்கை ஒன்று நீண்டு நிற்கும். வெட்டியதும் மூலைக்கு மூலை மடித்துப் பாருங்கள், பொருந்தாததைப் பழகுவதற்கு ஒதுக்குங்கள்.

துளை

பூச்சுக்கு முன்பே துளை போடுங்கள். பூசிக் காய்ந்த பிறகு குத்தினால் முதுகு விரிசல் விடும். கொக்கின் அடிவயிற்றில் இயல்பாகவே ஒரு சின்ன வாய் இருக்கும். அதன் வழியே ஊசியை விட்டு, முதுகின் நட்டநடுவில் வெளியே எடுங்கள். நடு தவறினால் கொக்கு தலைகுப்புறத் தொங்கும்.

பூச்சு: நான் சறுக்கிய இடம்

முதல் தடவை 12 ஜோடி மடித்தேன். நேராக யூவி ரெசினை (புற ஊதா ஒளி பட்டால் இறுகும் திரவப் பிசின்) தடவி, அதற்கான விளக்கின் கீழ் வைத்தேன். எடுத்துப் பார்த்தால், எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி அங்கங்கே திட்டுத் திட்டாகக் கறுத்திருந்தது. 24 கொக்கும் குப்பைக்கு.

காரணம் பிறகுதான் புரிந்தது. காகித நாருக்கு இடையில் இருக்கும் காற்றுதான் அதை வெள்ளையாகக் காட்டுகிறது. ரெசின் உள்ளே ஊறி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் தாள் கண்ணாடி மாதிரி ஆகி, பின்னால் இருக்கும் மடிப்பின் நிழல் தெரிகிறது. ஆகவே முதலில் நாரை அடைக்க வேண்டும்.

வெள்ளைப் பசை (பிவிஏ) இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. மென்மையான தூரிகையால் மெல்ல ஒரு கோட். இறக்கையின் அடிப்பக்கம், வால் இடுக்கு, கழுத்து மடிப்பு எதையும் விடக்கூடாது. ஈரத்தில் இறக்கை தொய்யும், பயப்பட வேண்டாம். துளையில் குண்டூசியைச் செருகித் தெர்மகோலில் நட்டுவிட்டு, விரலால் இறக்கையை நிமிர்த்தி விடுங்கள். பால் நிறம் போய்த் தெளிந்ததும் அடுத்த கோட். மொத்தம் மூன்று. அவசரப்பட்டு ஒரே கோட்டாகக் கெட்டியாகப் பூசினால் மடிப்பெல்லாம் பிரிந்துகொள்ளும்.

இத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பசை தண்ணீருக்குத் தாங்காது. நனைந்தால் மறுபடி வெளுத்து ஒட்டும். மேலே தண்ணீர் கலந்து தயாரித்த (வாட்டர் பேஸ்டு) அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு கோட் கொடுங்கள், காய்ந்த பிறகு அது நீரில் கரையாது.

ரெசின் வேண்டுமா என்று கேட்டால், எனக்குப் பிடிக்காது. காகிதம் என்பதே மறந்து பிளாஸ்டிக் கொக்கு ஆகிவிடுகிறது. தவிர, விளக்கின் ஒளி மடிப்புக்குள் போகாது, உள்ளே கசிந்தது காயாமல் பிசுபிசுக்கும். அது தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வரலாம். போடுவதாக இருந்தால் கையுறையும் திறந்த ஜன்னலும் கட்டாயம்.

காய்ந்த பிறகு, ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு கொக்கைப் பலி கொடுக்கிறேன். இறக்கையில் ஒரு சொட்டுத் தண்ணீர், பத்து நிமிடம். முத்து மாதிரி உருண்டு நின்றால் சரி.

பின்சேர்க்கை: வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சடித்த தாளில் செய்தபோது பசை பட்டதும் நிறம் ஓடிவிட்டதாக இரண்டு பேர் எழுதினார்கள். அந்த மை நீரில் கரையக்கூடியது. லேசர் அச்சு பயன்படுத்துங்கள்.

கோர்ப்பது

ஹெட் பின்னில் (ஒரு முனை தட்டையான கம்பி ஊசி) ஒரு மணி, கொக்கு, மேலே இன்னொரு மணி, பிறகு கம்பியின் மீதி நுனியை ரவுண்ட் நோஸ் பிளையரால் (உருண்டை மூக்குக் குறடு) வளைத்து வளையம். அந்த வளையத்தையும் காதுக் கொக்கியையும் இணைக்கும் சின்ன வளையமான ஜம்ப் ரிங்கைப் பக்கவாட்டில் திருகித் திறங்கள்; இழுத்து அகட்டினால் திரும்ப வட்டமாகாது. காதுக் கொக்கி சர்ஜிக்கல் ஸ்டீலில் வாங்குங்கள். நிக்கல் கடுமையாக ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டைட்டானியமோ நியோபியமோதான் சரி, ஸ்டீலிலும் நிக்கல் உண்டு.

இன்னொரு பின்சேர்க்கை: கொக்கு எடையே இல்லாததால் காற்றில் சுழல்கிறது, கொக்கி நழுவிவிடுகிறது என்று புகார். கீழ் மணியைக் கண்ணாடி மணியாக மாற்றினேன், ரப்பர் ஸ்டாப்பர் இலவசமாகப் போடுகிறேன். அப்புறம் பேச்சில்லை.

விலை

ஒரு ஜோடிக்கு இருபது நிமிடம் என்று மனக்கணக்குப் போட்டிருந்தேன். கடிகாரம் வைத்துப் பார்த்தால் வெட்டுவது, மடிப்பது, ஐந்து கோட், கோர்ப்பது, படம் எடுப்பது, பொதிவது எல்லாம் சேர்த்து 65 நிமிடம். அதுவரை நான் கூலியே வாங்காமல் வேலை செய்திருக்கிறேன். பொருள் செலவு, உங்கள் நேரத்துக்கான கூலி, பெட்டி, வீணாவதற்கு ஒரு பங்கு, இதற்கு மேல்தான் லாபம். கடையில் வைத்து விற்கும் எண்ணம் இருந்தால் அவர்கள் பங்கையும் முதல் நாளே விலையில் சேர்த்துவிடுங்கள். பிறகு ஏற்றினால் பழைய வாடிக்கையாளர் முகம் சுளிப்பார்.

பத்துப் பத்தாகச் செய்யுங்கள். ஒரு நாள் வெட்டு, ஒரு நாள் மடிப்பு, ஒரு நாள் பூச்சு. நேரம் நன்றாகக் குறையும்.

வடிவ உரிமை

கொக்கு பாரம்பரிய வடிவம், யாரும் விற்கலாம். ஒரே தாளில் பல கொக்குகளை ஒட்டியபடி மடிக்கும் முறைகளை விளக்கி 1797-லேயே ஜப்பானில் ஒரு நூல் வந்திருக்கிறது. இக்கால வடிவமைப்பாளர் உருவாக்கிய மாதிரி என்றால் கதை வேறு. அவரிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிய பிறகே விற்பனைக்கு வையுங்கள்.

அனுப்பும்போது

மெத்தென்ற உறை வேண்டாம், இறக்கை நசுங்கும். கெட்டி அட்டைப் பெட்டியில் அட்டையோடு கோர்த்து அனுப்புங்கள். கூடவே ஒரு சீட்டு: ‘தூறல் தாங்கும், குளிக்கும்போது கழற்றிவிடவும், வாசனைத் திரவியம் மேலே படவேண்டாம்.’ ‘நீர்ப்புகாதது’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

வெயிலையும் அந்தச் சீட்டில் சேருங்கள். மாதிரிக்காக ஜன்னலோரம் தொங்கவிட்டிருந்த என் சிவப்பு ஜோடி சில மாதங்களில் இளஞ்சிவப்பாகிவிட்டது. ‘இந்த நிறத்தில் இன்னொன்று கிடைக்குமா?’ என்று அதைக் காட்டி ஒருவர் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.