சமுதாய அறக்கட்டளைப் பணம் கடைசித் தெருவுக்குப் போகாமல் தடுக்கும் தவறுகள்

ஒரு வட்டாரத்துக்காரர்கள் பலரும் போடும் பணத்தை ஒரே அறக்கட்டளையில் சேர்த்து, அதே வட்டாரத்தில் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுப்பதுதான் சமுதாய அறக்கட்டளை. 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் முதன்முதலில் தொடங்கிய முறை இது. மதுரைப் பக்கம் வியாபாரிகளும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் கூடி இப்படி ஒன்றை ஆரம்பித்தால், ஏற்றத்தாழ்வைக் குறைக்க வேண்டும் என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆனால் விதிமுறை எழுதும்போதே சில தவறுகள் நுழைந்து, பணத்தை ஏற்கெனவே வசதியுள்ள நிறுவனங்களின் பக்கமே திருப்பிவிடும்.

முதல் தவறு, எல்லாருக்கும் சமமாகப் பிரிப்பது. மதுரை மாவட்டத்தில் 13 ஊராட்சி ஒன்றியங்கள். ஒன்றியத்துக்கு ஒரு லட்சம் என்று கொடுத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் நகரத்தை ஒட்டிய திருப்பரங்குன்றத்தின் தேவையும் மானாவாரியை நம்பியிருக்கும் சேடப்பட்டியின் தேவையும் ஒன்றல்ல. ஒரே ஊராட்சிக்குள்கூட ஊர்த்தெருவும் காலனியும் ஒன்றல்ல. அதனால் தெரு அளவில் விசாரியுங்கள்: எந்தக் குடியிருப்பில் பிள்ளைகள் பத்தாம் வகுப்போடு நிற்கிறார்கள்? எங்கே சாதிச் சான்றிதழே கிடைக்கவில்லை? பழங்குடியினர் சான்றிதழை வட்டாட்சியர் தர முடியாது, வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அது கையில் இல்லாமல் பிளஸ் டூ முடிக்கும் காட்டுநாயக்கன் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தப் பிரிவின் இடஒதுக்கீடும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. அங்கே நூறு புத்தகப்பை கொடுப்பதைவிட, பழைய ஆவணங்களைத் தேடி எடுத்து, மனு எழுதி, மேல்முறையீடு வரை கூடவே நிற்கும் ஒருவருக்கு ஓராண்டுச் சம்பளம் கொடுப்பது எத்தனையோ மடங்கு மேல்.

அடுத்தது, கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காகச் செலவிடும் சிஎஸ்ஆர் பணத்துக்கான விண்ணப்பத்தை அப்படியே நகல் எடுப்பது. மூன்றாண்டு முன்அனுபவம் என்ற நிபந்தனை கம்பெனிச் சட்ட விதிகள் சிஎஸ்ஆர் பணத்துக்குப் போட்டது. உள்ளூர் நன்கொடைக்கு அது கட்டாயமில்லை. அந்த நிபந்தனையால் வெளியே நிற்கும் சிறிய அமைப்புகளுக்காகத்தானே உங்கள் அறக்கட்டளை? விண்ணப்பம் தமிழில் இரண்டு பக்கம் போதும். எழுதச் சிரமப்படுகிறவர் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

தேர்வுக் குழுவில் பணம் போட்டவர்கள் மட்டும் உட்கார்ந்தால் அவர்களுக்குத் தெரிந்தவர்களே தேர்வாவார்கள். குழுவில் மூன்றில் ஒரு பங்காவது, நிதி சேரவேண்டிய குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள் இருக்கட்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்கட்டும். கூட்டத்தைக் காலையில் வைக்காதீர்கள். மல்லிகை மொட்டு பறிக்கப் போகும் பெண்கள் விடியுமுன் தோட்டத்தில் இருப்பார்கள். சாயங்காலம் வைத்து, போக்குவரத்துச் செலவையும் வேலையை விட்டு வந்தால் அன்றைய கூலியையும் கொடுங்கள். ஒருவருடைய உறவினர் நடத்தும் அமைப்பின் விண்ணப்பம் வந்தால், அவர் அந்த நேரத்தில் எழுந்து வெளியே போக வேண்டும் என்பதையும் விதியிலேயே எழுதிவிடுங்கள்.

பெரும்பாலான திட்டங்கள் படுத்துவிடுவது பட்ஜெட்டில்தான். “பொருளுக்குத் தருவோம், சம்பளத்துக்குத் தரமாட்டோம்” என்பது நல்லெண்ணத்தோடு சொல்லப்படும், ஆனால் பெருங்கெடுதல் செய்யும் விதி. ஒரு மாலைநேரப் படிப்பகத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஆசிரியர்களுக்கு மாதம் 6,000 வீதம் ஆண்டுக்கு 1,44,000. பகுதிநேர ஒருங்கிணைப்பாளருக்கு 48,000. வாடகை, மின்சாரம் 18,000. போக்குவரத்து 12,000. கணக்கு எழுத, ஆடிட்டருக்கு 15,000. நோட்டு, கரும்பலகைக்கு 13,000. மொத்தம் இரண்டரை லட்சம். இதில் முக்கால் பங்குக்கு மேல் ஆட்களுக்கான ஊதியம். பொருளுக்கு மட்டும் கொடுத்தால் கரும்பலகை இருக்கும், பாடம் நடத்த ஆள் இருக்காது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020இல் வந்த வரம்பு வெளிநாட்டு நன்கொடைக்கானது. சிஎஸ்ஆரில் சொல்லப்படும் 5 சதவீதம் கம்பெனியின் சொந்த நிர்வாகச் செலவுக்கானது. இரண்டையும் உள்ளூர்ப் பணத்தின் மேல் ஏற்றாதீர்கள்.

அதே படிப்பகம் எங்கே நடக்கிறது என்பதையும் நேரில் போய்ப் பாருங்கள், பகலில் அல்ல, மாலை ஆறரைக்கு. இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஊர்ச்சாவடியில் நடத்தினால் காலனிப் பிள்ளைகள் உள்ளே வரத் தயங்குவார்கள். வருகைப் பதிவேட்டில் நாற்பது பெயர் இருக்கும், கடைசித் தெருப் பிள்ளை ஒன்றுகூட இருக்காது. பதிவேட்டில் தெருப்பெயருக்கு ஒரு கட்டம் போட்டால் இது உடனே தெரிந்துவிடும். காலனியிலேயே வாடகைக்கு இடம் பிடித்தால் எல்லாத் தெருப் பிள்ளைகளும் அங்கே வருகிறார்களா என்றும் பார்க்கலாம்.

நிதித் தவணையைப் பள்ளி திறக்கும் ஜூனுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். “முதலில் செலவு செய்யுங்கள், ரசீது பார்த்துத் தருகிறோம்” என்றால் சிறிய அமைப்பு வட்டிக்கு வாங்கித்தான் செலவு செய்யும்.

சட்டத்தில் சறுக்கும் இடங்களும் உண்டு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் தரும் பணம் வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) கீழ் பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் அதை வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும், 2020 திருத்தத்துக்குப் பிறகு அதை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. அதாவது, பிறருக்கு நிதி தருவதே வேலையாக உள்ள உங்களுக்கு அந்தப் பணம் உதவாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு சிங்கப்பூரில் இருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது இந்தக் கணக்கில் வராது. ஆகவே நன்கொடையாளரின் குடியுரிமையை ரசீது போடுமுன் கேட்டுவிடுங்கள். வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளை இன்னொரு பதிவுபெற்ற அறக்கட்டளைக்குக் கொடுக்கும் தொகையில் 85 சதவீதம்தான் செலவாகக் கணக்கில் ஏறும் என்று 2023 நிதிச் சட்டம் மாற்றியிருக்கிறது. ஆண்டு முடிவில் திகைக்காமல், தொகையை முடிவு செய்யுமுன்பே ஆடிட்டரோடு உட்காருங்கள்.

அறிக்கை கேட்கும்போது எத்தனை பேர் பயன்பெற்றார்கள் என்ற எண்ணிக்கையோடு நிறுத்தாதீர்கள். யார் வருவதை நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். அந்தப் பதிலை உண்மையாக எழுதிய அமைப்புக்கு அடுத்த ஆண்டு நிதியைக் குறைக்காதீர்கள். ஒருமுறை குறைத்தால் அதன்பின் வரும் அறிக்கைகளில் குறையே இருக்காது. படிப்பகம் போன்ற வேலைக்கு முதலிலேயே மூன்றாண்டுக்கு ஒப்புக்கொள்ளுங்கள்: எட்டாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத அத்தனை காலம் ஆகும்.