வீட்டில் வெள்ளரிப்பழம்: விதையிலிருந்து வெடிப்பு வரை

சித்திரை வெயிலில் சாலையோரம் வைக்கோலோ ஓலையோ சுற்றி விற்பார்களே, அந்த மஞ்சள் பழம். பழுத்ததும் தோல் நெடுக வெடித்து, உள்ளே வெள்ளைச் சதை மாவு மாவாகத் தெரியும். இந்தியில் 'பூட்', மலையாளத்தில் 'பொட்டுவெள்ளரி'. இரண்டு பெயருமே வெடிப்பைத்தான் சொல்கின்றன. கொடுங்கல்லூர் பொட்டுவெள்ளரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படியும் பெரிய கடைகளில் இதைப் பார்ப்பது அரிது. பறித்த பிறகு இரண்டு நாள் தாங்காத பழத்தை யார் லாரியில் ஏற்றுவார்கள்? சரியான பதத்தில் வேண்டுமென்றால் கொடி நம் வீட்டில் இருக்க வேண்டும்.

பெயர் வெள்ளரி என்றாலும் இனம் முலாம்பழத்தினுடையது. சாலட் வெள்ளரிக்குச் செய்வதையே இதற்கும் செய்தால் பாதி இடத்தில் தவறிப்போகும்.

விதையும் விதைப்பும்

விதை வாங்க அலைய வேண்டாம். நன்றாகப் பழுத்து வெடித்த நாட்டுப் பழம் ஒன்று வாங்கினால் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். வண்டியில் மிளகாய்த்தூள் தூவி விற்கும் பிஞ்சிலிருந்து எடுக்காதீர்கள், அந்த விதை முற்றியிருக்காது.

சம்பா அறுத்த வயலில் தை, மாசியில் விதைப்பதுதான் வழக்கம். வீட்டிலும் அதே பருவம்தான் நல்லது. காய்க்கும்போது மழை பெய்தால் பூஞ்சையும் வரும், காயும் முன்கூட்டியே பிளக்கும்.

தரையில் என்றால் ஒன்றரை அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் குழி. 5 கிலோ மக்கிய தொழு உரம், 100 கிராம் வேப்பம்புண்ணாக்கு. மாடியில் என்றால் 40 லிட்டருக்குக் குறையாத பை. செம்மண் இரண்டு பங்கு, தொழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. சின்னத் தொட்டியில் கொடி ஓடும், ஆனால் காய் எலுமிச்சை அளவிலேயே வெம்பி விழும்.

விதையை 5 மணி நேரம் ஊறவைத்து, இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் மூன்று மூன்றாக ஊன்றுங்கள். நான்கைந்து நாளில் முளைக்கும். இரண்டு இலை விட்டதும் குழிக்கு இரண்டு, பைக்கு ஒன்று என வைத்துக்கொண்டு மற்றதைக் கத்தரியுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடும். நாற்று விட்டு நடுவதும் இதற்கு ஒத்துவராது, வேர் அவ்வளவு மென்மை.

முளைத்த பத்து நாளும் சிவப்பு வண்டுக்குக் கொண்டாட்டம். விதையிலையைச் சல்லடையாக்கிவிடும். பனி ஈரம் காயும் முன் இலைமேல் அடுப்புச் சாம்பல் தூவுங்கள். கொடி ஓடத் தொடங்கிய பிறகு வண்டைத் தாங்கிக்கொள்ளும்.

கிள்ளுவதும் பூவும்

சாலட் வெள்ளரி தாய்க்கொடியிலேயே காய்க்கும். இதில் தாய்க்கொடியில் பெரும்பாலும் ஆண்பூதான். பெண்பூ பக்கக்கொடிகளின் முதல் கணுக்களில் வரும். ஆகவே ஐந்தாவது இலை விரிந்ததும் நுனியைக் கிள்ளி, மூன்று பக்கக்கொடிகளை மட்டும் விடுங்கள். 'பூ நிறைய, காய் ஒன்றும் இல்லை' என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் கிள்ளாமல் விட்டது. மீதி, தழைச்சத்து அதிகமானது. 25ஆம் நாள் ஒருமுறை 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் நீரில் மூன்று நாள் புளிக்கவைத்து, பத்து மடங்கு நீர் கலந்து ஊற்றினால் போதும். பூ வந்தபின் அதை நிறுத்திவிட்டு, வேரைச் சுற்றி ஒரு கைப்பிடி மரச்சாம்பல்.

மொட்டைமாடிக்குத் தேனீ வராவிட்டால் கையால் தொட்டுவிட வேண்டும். காலை எட்டு மணிக்குள் புதிதாக விரிந்த ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்து, அடியில் குட்டிக்காய் உள்ள பூவின் நடுவில் தடவுங்கள். பிற்பகலுக்குள் பூ வாடிவிடும். நாளை பார்க்கலாம் என்றால் அந்தக் காய் போச்சு.

பைக்கு மூன்று காய் போதும். பழம் ஒரு கிலோவைத் தாண்டும் என்பதால் பந்தல் வேண்டாம், தரையில் ஓடவிடுங்கள். மாடித் தரையின் சூடு கொடியைப் பொசுக்கும். கீழே தென்னங்கீற்று பரப்புங்கள்.

பிஞ்சைக் கறிக்குப் பறிப்பதானால் நுனியைச் சீவி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் சமைக்க வேண்டாம். அதே கொடியில் விட்ட காய்கள் பழுக்கும்போது கசப்பு விலகிவிடும்.

பழ ஈயிடம் மட்டும் ஏமாறக்கூடாது. காயில் ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளி, அதில் பிசின் துளி, நாலு நாளில் காய் அங்கே கோணும்; உள்ளே புழு. காய் எலுமிச்சை அளவு ஆனதுமே பழைய வேட்டித் துணியில் பை தைத்து மாட்டுங்கள். கடையில் விற்கும் கவர்ச்சிப் பொறி ஆண் ஈயைத்தான் பிடிக்கும், முட்டையிடுவது பெண் ஈ. அதனால் பொறி இருந்தாலும் பை வேண்டும். குத்துப்பட்ட காயை உரக்குழியில் போடாமல் பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் வைத்து அழியுங்கள்.

எப்போது பறிப்பது

விதைத்த 60 முதல் 75 நாளில் முதல் பழம். வெடிப்பிலும் இரண்டு உண்டு. பச்சையாக இருக்கும்போதே பிளந்தால் அது தண்ணீர்க் கோளாறு: மூன்று நாள் காயவிட்டு ஒரேயடியாக ஊற்றினால் சதை உப்பும், மெல்லிய தோலோ இழுபடாது. பூ முதல் காய் முற்றும்வரை தினமும் ஒரே அளவு ஊற்றி, மஞ்சள் ஏறியதும் பாதியாகக் குறையுங்கள். மற்றது பழுத்து வெடிப்பது. சதை இளகி மாவாவதால் வருவது, அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம்.

பச்சைக் கோடு மறைந்து மஞ்சள் பரவியதும் துணிப்பையைக் கழற்றி, வைக்கோல் சுற்றி வாழைநாரால் இரண்டு இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள். வெடித்தாலும் சதை சிதறாது. பிறகு காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை பாருங்கள். காம்பு சேருமிடத்தில் மெல்லிய வட்டக் கீறல் விழும், பக்கத்தில் போனாலே வாசம் வரும், தோலில் மயிரிழை போல ஒரு கோடு ஓடும். அப்போது தொட்டாலே கையோடு கழன்று வரும். மிருத்யுஞ்சய மந்திரத்தில் கட்டிலிருந்து விடுபடும் வெள்ளரிப்பழம் வருகிறதே, அதன் பொருளை இந்தக் காம்பில் பார்க்கலாம். இழுத்துப் பிடுங்க வேண்டியிருந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். முழுக்கப் பிளந்து எறும்பு ஏறியதென்றால் ஒரு நாள் தாமதம்.

தனியாகத் தின்றால் சப்பென்றிருக்கும். இனிப்பு குறைந்த பழம் இது. நாட்டுச்சர்க்கரையும் ஏலக்காயும் போட்டுப் பிசைந்து, தேங்காய்ப்பால் ஊற்றினால்தான் ருசி. மிக்சியில் அடித்தால் கூழாகிவிடும், கையால் மசியுங்கள்.

விதைக்கு, வைரஸ் படாத கொடியின் நல்ல பழம் ஒன்றை ஒதுக்குங்கள். சாலட் வெள்ளரி பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, இரண்டும் கலக்காது. முலாம்பழம் இருந்தால் கலக்கும். அப்போது முந்தைய நாள் மாலையே ஆண், பெண் மொட்டு இரண்டின் வாயையும் நூலால் கட்டி, காலையில் அவிழ்த்து நீங்களே தொட்டுவிட்டு, பெண்பூவை மறுபடி கட்டிவிடுங்கள். எடுத்த விதையைச் சதையோடு ஒரு நாள் புளிக்கவிட்டு அலசுங்கள்; மிதப்பது சொத்தை. அடியில் தங்கியதை நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். வளைத்தால் 'டக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்துகொடுத்தால் ஈரம் இருக்கிறது, பாட்டிலில் அடைக்காதீர்கள்.