நள்ளிரவில் சென்னை விமான நிலையம்: இறங்கியதிலிருந்து அறைக் கதவு வரை

சென்னையில் இரவு வந்து இறங்குபவர்கள் இரண்டு நேரங்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: இரவு 11 மணி, விடியற்காலை 4 மணி. 11 மணிக்குப் பிறகு மெட்ரோ கிடையாது. 4 மணி வாக்கில் திரிசூலத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிடும். நடுவில் இருக்கும் அந்த ஐந்து மணி நேரத்துக்குப் பெரும்பாலும் டாக்ஸிதான் வழி. ஆனால் முதல்முறை வருபவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது டாக்ஸியில் அல்ல, அறை போட்ட தேதியில்.

படி 1: எந்தத் தேதிக்கு அறை?

உங்கள் விமானம் 15ஆம் தேதி அதிகாலை 1.30க்கு இறங்குகிறது என்றால், 14ஆம் தேதிக்கு அறை போட வேண்டும். 15 என்று போட்டால், ஹோட்டல் கணக்கில் அது 15ஆம் தேதி நண்பகல் 12 மணிக்குத் தொடங்கும் அறை. ராத்திரி இரண்டரை மணிக்குப் போய் நின்றால் "ரூம் இல்லை" என்பார்கள், இல்லையென்றால் இன்னொரு நாள் வாடகை கேட்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

எழும்பூர், திருவல்லிக்கேணி பக்கம் பல லாட்ஜ்களில் 24 மணி நேர முறை உண்டு. அங்கே நீங்கள் உள்ளே வந்த நேரத்திலிருந்து ஒரு நாள். இது நமக்குச் சாதகம் போலத் தெரியும். ஆனால் ராத்திரி 2.30க்கு உள்ளே போனால், மறுநாள் ராத்திரி 2.30க்கே ஒரு நாள் முடிந்துவிடும். அந்த ராத்திரியும் தூங்கி எழுந்து காலை 8 மணிக்குக் காலி செய்தால் இரண்டு நாள் வாடகை விழலாம். முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

படி 2: கிளம்பும் முன் ஒரு போன்

ஆப்பில் பணம் கட்டியாகிவிட்டது என்று சும்மா இருக்க வேண்டாம். லாட்ஜின் வரவேற்பு மேசைக்கே பேசுங்கள்: "14ஆம் தேதி ராத்திரி, அதாவது 15 விடியற்காலை ரெண்டரை மணிக்கு வருவேன். வரலைன்னு நினைச்சு ரூமை வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க." இப்படி இரண்டு தேதியையும் சொன்னால்தான் குழப்பம் வராது. ராத்திரி வெளிக்கதவைப் பூட்டுவார்களா, பூட்டினால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்பதையும் கேட்டு வையுங்கள்.

அடையாள அட்டையாக ஆதார், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை செல்லும். பான் கார்டில் முகவரி இல்லாததால் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டில் வருபவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் ஹோட்டல்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் பதிய வேண்டும் என்பது சட்டம். அந்த வசதி இல்லாத சிறிய லாட்ஜ்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். ஆப் உங்கள் பணத்தை வாங்கியிருந்தாலும் இது நடக்கும்.

முகவரியைப் பின்கோடோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். காந்தி தெருவும் நேரு தெருவும் சென்னையில் பேட்டைக்குப் பேட்டை உண்டு.

படி 3: வெளியே வர எவ்வளவு நேரம்?

உள்நாட்டு விமானம் என்றால் (முனையம் 1, 4) பெட்டியோடு வெளியே வர 30 முதல் 40 நிமிடம். பன்னாட்டு விமானம் என்றால் (முனையம் 2) ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். வளைகுடா, சிங்கப்பூர் விமானங்கள் நள்ளிரவையொட்டி அடுத்தடுத்து இறங்குவதால், குடியேற்ற வரிசையும் பெட்டி வரும் பெல்ட்டும் அப்போதுதான் நெரியும்.

ஆக, மெட்ரோவைப் பிடிக்க வேண்டுமானால் உள்நாட்டு விமானம் 10 மணிக்குள்ளும், பன்னாட்டு விமானம் 9.15க்குள்ளும் தரை தொட்டிருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் ஓட வேண்டாம், டாக்ஸிதான் என்று முடிவு செய்துவிடுங்கள்.

படி 4அ: 11 மணிக்கு முன்பு

மெட்ரோ நீல வழித்தடத்துக்கு விமான நிலையமே கடைசி நிலையம். கிண்டி, சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை, அரசினர் தோட்டம், சென்ட்ரல் எல்லாம் நேர் வழி. வடபழனி, கோயம்பேடு போக ஆலந்தூரில் இறங்கிப் பச்சை வழித்தடத்துக்கு மாற வேண்டும். மாறும் ரயிலும் கடைசி நேரத்தில் இருக்கிறதா என்று டிக்கெட் எடுக்கும் இடத்திலேயே கேளுங்கள்.

படி 4ஆ: 11 முதல் 4 வரை

இரண்டு வழி. ஒன்று, வருகைப் பகுதியில் உள்ள ப்ரீபெய்ட் டாக்ஸி கவுன்டர். கட்டணம் முன்பே தெரிந்துவிடும், டிரைவரோடு பேரம் இல்லை, போனில் இணையம் தேவையில்லை. வயதானவர்கள், வெளிநாட்டு சிம் வைத்திருப்பவர்கள், தனியாக வரும் பெண்கள் யோசிக்காமல் இதையே எடுக்கலாம். ரசீதை இறங்கும் வரை கையில் வையுங்கள்.

இன்னொன்று ஓலா, ஊபர் போன்ற ஆப் டாக்ஸி. இவை முனைய வாசலுக்கு வராது. 2022 டிசம்பரில் திறந்த பல அடுக்கு கார் நிறுத்தத்துக்கு நீங்கள்தான் போக வேண்டும். பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கப் பத்து நிமிடம் ஆகும், பேட்டரி வண்டியும் உண்டு. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு புக் செய்யுங்கள். பெல்ட் அருகே நின்றுகொண்டே புக் செய்தால் டிரைவர் முதலில் வந்து நிற்பார், இலவசக் காத்திருப்பு சில நிமிடங்களில் முடியும், பிறகு கூடுதல் கட்டணம் ஓடும் அல்லது அவர் ரத்து செய்துவிட்டுப் போய்விடுவார்.

புக் ஆனதும் போன் வரும்: "எங்க சார் போணும்? கேஷா, ஆன்லைனா?" பதில் பிடிக்கவில்லை என்றால் டிரைவர் நகரவும் மாட்டார், ரத்தும் செய்ய மாட்டார், நீங்களே ரத்து செய்யட்டும் என்று காத்திருப்பார். மூன்று நிமிடம் வரைபடத்தில் வண்டி அசையவில்லையா, காரணமாக "டிரைவர் வரவில்லை" என்பதைத் தேர்ந்து ரத்து செய்துவிட்டு மறுபடி போடுங்கள். "ஆப்பை கேன்சல் பண்ணுங்க, நானே கூட்டிட்டுப் போறேன்" என்றால் ஏற வேண்டாம். அதன் பிறகு அந்தப் பயணம் எங்கும் பதிவாகாது.

ஏறும் முன் எண் பலகையைப் பாருங்கள். வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து, மின்சார வாடகை வண்டிக்குப் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. வெள்ளைப் பலகை என்றால் சொந்த வண்டி. பார்க்கிங் காசு தனியாகக் கேட்டால், ஆப் பில்லில் அது ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். நூறு, ஐம்பது நோட்டுகள் கொஞ்சம் கையில் இருக்கட்டும்.

விமான நிலையத்துக்கு வெளியே போகும் நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலைக்கு நடந்துபோய் ஆட்டோ பிடிக்கலாமா? 2013இல் அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கி.மீ.க்கு 25 ரூபாய், பிறகு கி.மீ.க்கு 12, இரவு 11 முதல் 5 வரை பாதி கூடுதல். அதன்படி 12 கி.மீ. தொலைவிலுள்ள தி.நகருக்குச் சுமார் 220 ரூபாய்தான் ஆகும். அந்தக் காசுக்கு நள்ளிரவில் யாரும் வர மாட்டார்கள். பெட்டி ஒன்றுதான், இடம் பக்கத்தில் என்றால் மட்டும் பேசிப் பாருங்கள்.

இரவில் தி.நகருக்கு அரை மணி, சென்ட்ரலுக்கு 40 நிமிடம் போதும். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணியால் பனகல் பூங்கா, மயிலாப்பூர் பக்கம் வண்டி சுற்றிப் போனால் பதற வேண்டாம். அவசரம் என்றால் 112.

படி 4இ: வெளியே வரும் நேரம் 3 மணிக்கு மேல் என்றால்

பெட்டி குறைவாக இருந்தால் ஒரு மணி நேரம் காத்திருப்பது லாபம். ஜி.எஸ்.டி. சாலையின் மறுபக்கம் திரிசூலம் ரயில் நிலையம், சுரங்கப்பாதை வழியாகப் போகலாம். மீனம்பாக்கம் என்று கேட்டுவிடாதீர்கள், அது அடுத்த நிலையம். கடற்கரை போகும் ரயிலில் மாம்பலம், எழும்பூர் எல்லாம் சில ரூபாய் டிக்கெட்டில் வந்துவிடும். ஆனால் காத்திருப்பதை முனையத்துக்கு உள்ளேயே செய்யுங்கள். வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள்.

படி 5: லாட்ஜ் வாசலில்

ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், வரவேற்பு ஆள் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருப்பார். கதவு திறந்து, பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறது என்று உறுதியாகும் வரை டாக்ஸியை அனுப்ப வேண்டாம், இரண்டு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். அறை இல்லை என்று கைவிரித்தால் அதே வண்டியில் எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே போய்விடுங்கள். காந்தி இர்வின் சாலை, கென்னட் லேன் லாட்ஜ்களில் ரயில் பயணிகளுக்காக ராத்திரியும் ஆள் இருப்பார்கள். ரயில் நிலைய ஓய்வறையை நம்பிப் போகாதீர்கள், ரயில் டிக்கெட் இல்லாமல் அங்கே அறை தர மாட்டார்கள்.